மருந்துக்கு வேலி

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்து நோவார்ட்டிசு நிறுவனம், குருதிப் புற்றுநோய் மருந்தாகிய கிளிவெக்குக்குக் காப்புரிமை வேண்டிச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 1998-இல் விண்ணப்பித்தது. 2006-இல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மறுப்பை எதிர்த்ததோடு அந்நிறுவனம் அமையவில்லை. மறுப்புக்குக் கரணியமான சட்டப்பிரிவே செல்லாதென அறிவிக்குமாறு சென்னை உயர் வழக்குமன்றம் ஏறியது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் உலக வணிக உடன்படிக்கைக்கு முரண் என்று அயல்நாட்டு வணிகர் வந்து வழக்காடிய துணிவை என்னென்பது!

அப்பிரிவு, 3(ஈ), கூறுவதுதான் யாது? முன்பே அறிந்த பொருளின் வடிவை மாற்றிவிட்டால் மட்டும் அது புதுக்கண்டுபிடிப்பு ஆகிவிடாது. நோய் தீர்க்கும் ஆற்றலும் மிகுந்திருத்தல் வேண்டும். இதில் என்ன கொடுமை கண்டனர்? அந்நிறுவனத்தின் மருந்துக்குத் திங்களொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 உருபா; உள்நாட்டார் செய்ததற்கோ ஏறத்தாழ 10,000 உருபாவே. கொடுமை எங்கே என்பதை நோயாளியின் வீட்டாரைக் கேட்டால் சொல்வர்.

ஆங்கிலேயர் விட்டுச்சென்ற 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆராய்ந்த நடுவர் இராசகோபால ஐயங்கார், இந்நாட்டுக் காப்புரிமைகளுள் 80 முதல் 90 விழுக்காடு அயலார் கையில் இருந்ததையும், அவற்றுட் பெரும்பாலன இங்குத் தொழிலாக நடவாததையும் 1959-இல் எடுத்துக்காட்டினார். அதன் பயனே 1970-ஆம் ஆண்டுச் சட்டம். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை. செய்முறைக்கு மட்டுமே, அதுவும் மிகுதியாக ஏழாண்டே. உள்நாட்டு மருந்துத் தொழில் தழைத்தது அந்த நிழலில்தான். 1995-இல் உலக வணிக அமைப்பு வந்தது. 2005-இல் அந்நிழல் அகன்றது. பொருளுக்கே இருபதாண்டுக் காப்புரிமை தர வேண்டியதாயிற்று. எஞ்சிய ஒரு வேலி 3(ஈ).

இனி, வேலியைப் பிடுங்க வந்தவரின் பழங்கதையையும் பார்ப்போம். 1888-இல் சுவிட்சர்லாந்து இயற்றிய முதற் காப்புரிமைச் சட்டத்தில் வேதியற் கண்டுபிடிப்புகளுக்கு இடமே இல்லை. செருமானியர் கண்ட சாயங்களைப் பாசெல் நகரத்தார் தாமும் செய்து விற்று வளர்ந்தனர். செருமனி நெருக்கிய பின்னரே 1907-இல் செய்முறைக்குக் காப்புரிமை வந்தது. மருந்துப் பொருளுக்கு வந்ததோ 1978-இல்! நம் சட்டத்திற்கும் எட்டாண்டு பின்னர். தம் தொழில் முதிரும்வரை எழுபதாண்டு காத்தவர், நமக்குப் பத்தாண்டுக் கெடு வைத்தமை எவ்வகை நேர்மை?

சென்னை உயர் வழக்குமன்றம் 2007-இல் அவ்வழக்கைத் தள்ளியது. 2013-இல் உச்ச வழக்குமன்றமும் காப்புரிமை இல்லையென்றே முடித்தது. ஆயினும் வழக்கில் தோற்றதை வணிகப் பேச்சில் பெறலாம் என்னும் எண்ணம் அயலாரை விட்டபாடில்லை. அமெரிக்க வணிக அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடும் குற்றப்பட்டியலில் இந்தியாவின் பெயரையும், அதனடியில் இப்பிரிவையும் இன்றும் காணலாம். வணிக ஒப்பந்தம் பேச தில்லியிலிருந்து செல்வோர் எதைக் கொடுத்து எதைப் பெறுகின்றனர் என்பதைக் கையொப்பம் இடுமுன் மக்களுக்குச் சொல்லட்டும்.