அலமாரிச் சாவி யாரிடம்?



"எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம். அவர்களும் அப்படியே கற்றுக்கொள்ளட்டும்!"

புதிய ஆசிரியர் பள்ளிக்கு வரும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் நான் கேட்டுவரும் வாசகம் இது. இதனை அனுபவம் என்று சிலர் பெருமை கொள்கின்றனர். நான் இதனைக் கஞ்சத்தனம் என்பேன்.

வந்த முதல் வாரத்திலேயே எவரும் விரும்பாத வகுப்பு, எவரும் தொடாத கோப்புகள், சனிக்கிழமைப் புறப்பாடப் பொறுப்பு ஆகிய அனைத்தையும் அவர் தலையில் ஏற்றிவிடுகிறோம். ஆண்டிறுதியில் அவர் இடமாற்றம் கேட்டால், "இக்காலத்து ஆசிரியர்களுக்கு ஈடுபாடு இல்லை" என்கிறோம். நியாயமா?

2003-ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்து, ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பணியில் சேர்ந்தேன். முதல் நாளிலேயே மூத்த ஆசிரியை ஒருவர் தம் அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்தார். உள்ளே பல்லாண்டு உழைப்பு: எழுத்தட்டைகள், வாசிப்புப் பனுவல்கள், பயிற்றித் தொகுப்புகள். "எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, நான் போகும்போது கொண்டுபோகப் போவதில்லை" என்றார். என் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பார்ப்பார். குறைகளைத் தனியே அழைத்துச் சொல்வார். தந்தை ஒருவர் என்மீது சினந்து வந்தபோது, "நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்" என்று முன்னே நின்றார். அவர் அப்படிச் சொன்னதே இல்லை! அன்று அவர் விலகி நின்றிருந்தால், நான் இன்று இத்தொழிலில் இருந்திருக்கமாட்டேன்.

நம் தமிழுக்கே இத்தகைய பெருந்தன்மை ஒன்று வாழ்வளித்திருக்கிறது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார், 1880-இல் பணியிலிருந்து விலகியபோது, தம் இடத்திற்கு உ.வே.சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். பிள்ளையவர்கள் 1876-இலேயே மறைந்துவிட்டார். இளையவரை மூத்த மாணவர் கைதூக்கிவிட்டார். அந்தக் கும்பகோணத்தில்தான் முன்சீப் இராமசாமி முதலியாரின் தொடர்பு கிடைத்தது. அவர் தூண்டியதால் சீவக சிந்தாமணி 1887-இல் பதிப்பாயிற்று. பின்னர் 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. "இளைஞன்தானே, அவனே முட்டி மோதட்டும்" என்று செட்டியார் இருந்திருந்தால்?

"வழிகாட்டி ஆசிரியரை நியமிக்கும் ஏற்பாடு இப்போது இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, படிவமும் இருக்கிறது. இருவரும் கையொப்பமிட்டுக் கோப்பில் சேர்த்துவிடுகிறோம். ஒரு முறையேனும் அவர் வகுப்பில் போய் அமர்ந்தோமா? நம் வகுப்பிற்கு அவரை அழைத்தோமா? கையொப்பம் வழிகாட்டாது, மனிதர்தாம் வழிகாட்ட வேண்டும்.

பிறரை மட்டும் குறை கூறவில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்கெனச் சேர்த்த வினாத்தொகுப்புகளை நானும் பல ஆண்டுகள் பூட்டியே வைத்திருந்தேன். "உழைத்தவன் நான்" என்ற எண்ணம்! 2021-இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. தொகுப்புகளைப் பழைய தாளோடு சேர்த்துக் கட்டியபோதுதான் வெட்கப்பட்டேன். கேட்ட இளைய ஆசிரியைக்குக் கொடுத்திருந்தால், எத்தனை பிள்ளைகளுக்குப் பயன்பட்டிருக்கும்!

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "புது வாத்தியார் வேண்டாம்" என்று தலைமையாசிரியர் அறைக்கு விரையாதீர்கள். முதலில் அவரிடமே பேசுங்கள். உங்கள் பிள்ளை கொண்டாடும் மூத்த ஆசிரியரும் ஒரு நாள் புதியவராக வந்தவர்தாம்.

மூத்த ஆசிரியர்களே! ஓய்வு பெறும் நாளில் மாலையும் பொன்னாடையும் வரும். அதற்கு முன் அலமாரிச் சாவியை யாரிடம் கொடுத்தீர்கள் என்பதே என் கேள்வி. நாளைக் காலையில் உங்கள் பள்ளியின் இளைய ஆசிரியரிடம், "தம்பி, உன் வகுப்பில் சற்று நேரம் உட்காரலாமா?" என்று கேட்டுப் பாருங்கள்.