வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கர்ப்பிணி இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நிரவியில் இருக்கும் என் தங்கை மகளுக்கு இது தலைப்பிரசவம். வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் காட்டி வந்தாள். ஏழாம் மாத ஸ்கேனில் குழந்தையின் தலை மேலே இருந்தது. அதற்குப் பிறகு போனபோதெல்லாம் எடை, பிரஷர், மாத்திரைச் சீட்டு. படுக்க வைத்து யாரும் வயிற்றில் கை வைக்கவில்லை. ஆபரேஷன்தான் என்று நாளும் குறித்துவிட்டார்கள். (ஆபரேஷனுக்கு ராகுகாலம் பார்க்கும் கூத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

ஒன்பதாம் மாதம் ஒரு சந்தேகம் கேட்க அவளை இங்கே அரசு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். செவிலியர் என்னிடம் படித்த பெண். "ஒன்னுக்குப் போயிட்டு வந்து படும்மா" என்றாள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். முழங்காலை மடக்கச் சொல்லி, முதலில் மேல் வயிறு, பிறகு இரு பக்கங்கள், கடைசியில் அடிவயிறு. தலை என்றால் உருண்டையாகக் கெட்டியாக இருக்கும், தனியாக ஆடும். பிட்டம் மெத்தென்று இருக்கும், உடம்போடு சேர்ந்தே நகரும். "டீச்சர், தலை கீழதான் இருக்கு" என்றாள். மறுநாள் ஸ்கேனும் அதையே சொன்னது. குறித்த நாள் ரத்து.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 28 வாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை தலைமேலேதான் இருக்கும். பெரும்பாலானவை தானே திரும்பிவிடும். பிரசவ நேரத்தில் அப்படியே இருப்பவை நூற்றுக்கு 3, 4தான். பழைய ஸ்கேன் தாளை வைத்து முடிவெடுத்தால் எப்படி?

லியோபோல்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1890களில் ஒழுங்குபடுத்திய முறை இது. இன்றும் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம். செலவு ஒரு அளவு டேப். 24 வாரத்துக்குப் பிறகு கர்ப்பப்பையின் உயரம் சென்டிமீட்டரில் ஏறக்குறைய வாரக் கணக்குக்கு ஒத்துவரும். ரொம்பக் குறைந்தால் வளர்ச்சியைச் சந்தேகிக்கலாம்.

கையும் தவறும். பருமனான உடம்பில், பனிக்குட நீர் அதிகமானால், தலைமேலே இருப்பது தெரியாமல் போவதுண்டு. அதனால் ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தேகத்தை எழுப்பக் கை, தீர்க்க ஸ்கேன். பயிற்சியில்லாத பாட்டிகள் எண்ணெய் தடவி அமுக்கித் திருப்புவது வேறு, ஆபத்து. ஆணா பெண்ணா என்று கையால் சொல்வது சுத்தப் பொய்.

அடுத்த முறை போகும்போது "வயிற்றைத் தொட்டுப் பாருங்கம்மா" என்று நீங்களே கேளுங்கள். கூச்சமாக இருந்தால் பக்கத்தில் ஒரு பெண் துணை வேண்டும் என்றும் கேளுங்கள். மாமியார்கள் குறுக்கே பேசாதீர்கள்.