ஸ்வாப் புரோகிராமை முதல்ல தூக்கிப் போடுங்க சார்!

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டு இருந்த விஷயம். இன்னிக்கு கொட்டிடறேன். புரோகிராமிங் பக்கமே தலை வெச்சுப் படுக்காத மக்களும் தைரியமா படிக்கலாம், புரியற மாதிரிதான் எழுதப் போறேன்.

நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ்ல சி மொழி படிச்ச யாரை வேணும்னாலும் நடுராத்திரி எழுப்பி, "கால் பை வேல்யூவுக்கும் கால் பை ரெஃபரன்ஸுக்கும் என்ன வித்தியாசம்?"னு கேளுங்க. "முதல்ல சொன்னதுல மதிப்பு மாறாது, ரெண்டாவதுல மாறும்"னு பதில் வரும். கூடவே ரெண்டு எண்ணை இடம் மாத்தற ஸ்வாப் புரோகிராமும் வரும். முழு மார்க்.

"சரி, ஏன் மாறாது?"ன்னு அடுத்த கேள்வி கேளுங்க. அங்க வண்டி நின்னுடும். வேலைக்கு வர்ற புதுப் பசங்களை இன்டர்வியூ பண்ணும்போது இதைத் திரும்பத் திரும்பப் பாக்கறேன். நல்ல மார்க் வாங்கின பசங்க. கொஞ்ச நேரம் முழிச்சுட்டு, "எனக்கு கோடிங் வராது சார்"னு அவங்களே தீர்ப்பு எழுதிக்கறாங்க. என் கோபம் அந்தப் பசங்க மேல இல்லை. அவங்களை அப்படி நம்ப வெச்ச பாடத்து மேல.

அந்த ஸ்வாப் புரோகிராமையே எடுத்துக்குங்க. மெயின்ல ஏ, பின்னு ரெண்டு வேரியபிள். ஸ்வாப் ஃபங்ஷன்லயும் அதே ஏ, பி! புதுசா படிக்கற பையன் என்ன நினைப்பான்? ரெண்டும் ஒண்ணுன்னுதான். நம்ம வீட்டுல ஒரு பாபு, எதிர் வீட்டுல ஒரு பாபு. எதிர் வீட்டு பாபுவுக்கு மொட்டை அடிச்சா நம்ம வீட்டு பாபுவுக்கு முடி போகுமா? போகாது. ஸ்கோப்னா இவ்வளவுதாங்க. ஒரு பேர் எந்த வீட்டுக்குள்ள செல்லும்ங்கற கணக்கு. இதைச் சொல்லாம நேரா ஸ்வாப்புக்குப் போனா எப்படிப் புரியும்?

பாராமீட்டரும் அந்த ஃபங்ஷனோட சொந்த வேரியபிள்தான். அதோட ஆரம்ப மதிப்பை மட்டும் கூப்பிடறவன் கொடுத்து அனுப்பறான். மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கற மாதிரி. ஜெராக்ஸ்ல கிறுக்கினா பீரோவுல இருக்கற ஒரிஜினல்ல கிறுக்கல் விழாது. வேலை முடிஞ்சதும் ஜெராக்ஸ் குப்பைக்குப் போயிடும்.

இதுல பெரிய கூத்து என்னன்னா, சி மொழியில கால் பை ரெஃபரன்ஸே கிடையாது! சி-யை உருவாக்கின டென்னிஸ் ரிட்சியும் பிரையன் கெர்னிகனும் 1978ல எழுதின 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்' புத்தகத்துலயே, ஆர்க்யுமென்ட் எல்லாம் மதிப்பாத்தான் போகுதுன்னு தெளிவா இருக்கு. பாயின்டர் அனுப்பும்போதும் காப்பிதான் போகுது, ஒரு முகவரியோட காப்பி. முகவரிச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தா, அதைப் பாத்து அந்த வீட்டுக்குப் போய் வெள்ளை அடிச்சுட்டு வரலாம். வீடு நிஜமாவே மாறும். ஆனா சீட்டுல இருக்கற முகவரியை அடிச்சுட்டு வேற எழுதினா, கொடுத்தவன் கையில இருக்கற சீட்டு மாறாது. நிஜ ரெஃபரன்ஸ் வேணும்னா சி பிளஸ் பிளஸ்ல இருக்கு. நாம இல்லாத ஒண்ணுக்கு வித்தியாசம் எழுதச் சொல்லி மார்க் போட்டுக்கிட்டு இருக்கோம் :-)

"இப்பதான் பைத்தான் வந்துடுச்சே?"ம்பீங்க. அண்ணா பல்கலைக்கழகம் 2017 ரெகுலேஷன்லயே முதல் செமஸ்டருக்கு பைத்தானைக் கொண்டு வந்துடுச்சு. மொழி மாறினா போதுமா? ஒரு லிஸ்ட்டை ஃபங்ஷனுக்கு அனுப்பி உள்ள அப்பெண்ட் பண்ணா வெளியேயும் மாறுது. அதே பேருக்கு உள்ள புது லிஸ்ட்டை வெச்சா வெளியே மாறலை. பையன் மறுபடி முழிக்கிறான். அதே முகவரிச் சீட்டுக் கதைதான், யாரும் சொல்லலை.

புரியாதவன் கண்டுபிடிக்கற வழி ஒண்ணு இருக்கு. எல்லா வேரியபிளையும் மேல தூக்கி குளோபலாப் போட்டுடறது. லேப்ல அவுட்புட் வந்துடும். ஆனா பெரிய புரோகிராம்ல எந்த ஃபங்ஷன் எப்ப எதை மாத்திச்சுன்னு யாருக்கும் தெரியாது. 2013ல அமெரிக்காவுல ஓக்லஹோமா மாநிலத்துல நடந்த டொயோட்டா கார் வழக்குல, இன்ஜினைக் கட்டுப்படுத்தற மென்பொருள்ல குளோபல் வேரியபிள் 10,000 அளவுக்கு இருக்குன்னு நிபுணர் சாட்சிகள் பெரிய குறையாச் சொன்னாங்க. லேப் குறுக்குவழி எங்க வரைக்கும் போகும்னு பாத்துக்குங்க.

"ஆரம்பத்துலயே மெமரி பத்தி எல்லாம் சொன்னா பசங்க குழம்பிடுவாங்க"ன்னு ஒரு பதில் வரும். அவங்க ஏற்கெனவே குழம்பித்தான் இருக்காங்க சார்! ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடற ஒவ்வொரு தடவையும் அதுக்குன்னு புதுசா ஒரு பெட்டின்னு தெரியாதவனுக்கு ரிகர்ஷன் எப்படி விளங்கும்? ஃபேக்டோரியல்ல ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனி 'என்' இருக்குங்கறதே அவனுக்குத் தெரியாதே.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லை. போர்டுல ரெண்டு பெட்டி போடுங்க, ஒண்ணு மெயின், ஒண்ணு ஃபங்ஷன். உள்ள வேற வேற பேர் வைங்க. வரி வரியா ஓட்டி, "இப்ப எந்தப் பெட்டியில இருக்கோம்?"னு கேளுங்க. பத்து நிமிஷ வேலை. அது பிடிபட்டப்புறம் ரெண்டு பக்கமும் ஒரே பேரை வெச்சு, "இப்ப மாறுமா?"ன்னு கேளுங்க. "அது வேற பாபு சார்"னு ஒரு பையன் சொன்னாப் போதும், ஸ்வாப் புரோகிராமை அப்புறம் அவனே எழுதிக்குவான்.