கடன் கணக்கு யார் கையில்?

படுவான்கரையிலே கிழமைதோறும் நுண்கடன் தவணை செலுத்தும் தாய்மாரிடம், இதுவரை கட்டியது எவ்வளவு, இனிக் கட்டவேண்டியது எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பலர் கம்பனிக்காரர் எழுதிய புத்தகத்தையே எடுத்துக் காட்டுவர். கடன் தம்முடையது, கணக்கோ பிறருடையது. இந்நிலை நீடிக்கலாகாது என்பதே எமது கட்சி.

2018ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் ஜுவான் பாப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 220 வீதம் வரை ஏறியிருந்ததை எடுத்துரைத்தார். அவ்வாண்டிலேயே, வறட்சி வாட்டிய மாவட்டங்களில் பெண்கள் பட்ட, இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டது. வட்டிக்கு 35 வீத வரம்பும் கட்டப்பட்டது. நன்று. ஆனால் ஒரு வரம்பு மீறப்படுகிறதா என்பதைக் கடன்பட்டவர் கணித்தறிய இயலாவிடில் அது யாருக்குக் காவல்?

ஓர் உதாரணம். ஐம்பதினாயிரம் ரூபா கடன். வட்டி 24 வீதந்தான் என்கிறார்கள். ஆக 62,000 ரூபாவை 52 கிழமைகளாகப் பகுத்து, கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா வாங்குகிறார்கள். முதல் கிழமைக்குக் கிழமை குறைந்து வருகிறது. வட்டி மட்டும் முழுத்தொகைக்கும் அறவிடப்படுகிறது. கூட்டிக் கழித்தால் உண்மை வட்டி 40 வீதத்தையும் தாண்டிவிடும்! கைத்தொலைபேசியிலுள்ள இலவசக் கணக்குத்தாள் இதை ஒரு நொடியில் காட்டிவிடும்.

இதனினும் கொடியது கூட்டுப் பிணை. குழுவில் ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். கம்பனிப் புத்தகத்தில் தவணை தீர்ந்தது. யார் யாருக்காகக் கட்டினார் என்பதை எழுதுவார் எவருமில்லை. அயலவர் பகை அங்கேயே முளைக்கிறது. 2011இல் அமெரிக்காவிலே தோன்றிய ஸ்பிளிட்வைஸ் என்னும் செயலி, அறைத்தோழர்கள் வாடகையையும் விருந்துச் செலவையும் பங்கிடுவதற்கென்று பிறந்தது. (விருந்துக்குப் பிறந்தது பசிக்கும் உதவட்டுமே!) கொடுத்தவர் பெயரும் கொள்வினையும் அதில் அனைவர் கண்ணுக்கும் ஒன்றுபோலவே தெரியும்.

பெரும்போகத்துக்கு உழவுக்கூலி, விதைநெல், பசளை எனக் கடன்பட்டு, அறுவடையில் தீர்க்கும் கமக்காரருக்கும் இது வேண்டும். ஏக்கருக்கு என்ன செலவாயிற்று என்று அறியாதவர், களத்துக்கு வரும் நெல் வியாபாரியோடு எதைக்கொண்டு விலை பேசுவது?

ஆயினும் தமிழில் இல்லாத கருவியை எம் மக்களிடம் நீட்டிப் பயனில்லை. தொலைபேசியிலுள்ள உறவினர் பெயர்களையெல்லாம் காட்டென்று கேட்கும் கடன் செயலிகளை வாசற்படியிலேயே நிறுத்தவேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் கமநல சேவை நிலையங்களும் தமிழ்க் கணக்குத்தாள் ஒன்றை ஆக்கி இலவசமாக வழங்கட்டும். களுவாஞ்சிக்குடியிலும் செங்கலடியிலும் உள்ள கணக்காளரும் ஆசிரியரும் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலையை இதற்கென ஒதுக்க முடியாதா? அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன்னரே இது தொடங்கவேண்டும்.