அல்சைமர் மறதி நோய் மட்டும்தானா?

'மறதி நோய்' என்ற பெயரே ஆளை ஏமாற்றிவிடுகிறது! இங்கிலாந்து எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டுக்கு 2007இல், 59 வயதில், கண்டுபிடிக்கப்பட்ட அல்சைமர் வகை முதலில் தாக்குவது மூளையின் பின்பகுதியை. கண் அனுப்புவதைப் புரிந்துகொள்ளும் இடம் அதுதான். அங்குள்ள நரம்பு செல்களுக்குள் டௌ என்ற புரதம் முடிச்சு முடிச்சாகச் சேர்ந்து, செல்கள் சாகின்றன.

கண்ணில் குறையே இருக்காது. நினைவும் ஆரம்பத்தில் ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆனால் டம்ளரை எடுக்கப் போனால் கை தவறும், படிக்கும் வரி நழுவும். பாவம், கண்ணாடிக் கடைக்கும் கண் டாக்டருக்கும் அலைவார்கள். (கண்புரை ஆபரேஷன் வரை போனவர்களும் உண்டு!) கண் சரியாக இருந்தும் பார்வைத் தொல்லை தீராதவரை, 'வயசாயிடுச்சு' என்று திருப்பி அனுப்பாமல் நரம்பியல் டாக்டரிடம் அனுப்ப வேண்டாமா?

பிராட்செட் டைப் அடிக்க முடியாமல் போனபின், வாயால் சொல்லிச் சொல்லியே மேலும் சில நாவல்களை முடித்தார். 2015இல் இறந்தார்.