பட்டையும் படியும்
சிறார்க்கான டேக்வாண்டோ பயிற்சி குறித்துச் சில சிந்தனைகள்

மாலை வேளையில் நம் ஊர்ப் பள்ளித் திடல்களில் வெண்ணிற உடையணிந்த சிறார்கள் வரிசையாக நின்று, 'ஹனா, துல், செட்' எனக் கொரிய மொழியில் எண்ணிக் காலை உயர்த்தும் காட்சி இன்று புதியதன்று. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளிலும் டேக்வாண்டோ இடம்பெற்றுள்ளது. பிள்ளைகள் உடலை உரமாக்கிக்கொள்வதை எவரும் வரவேற்பர், நாமும் வரவேற்கிறோம். ஆயினும், அவ்வரிசையைச் சுற்றி நிற்கும் பெற்றோரிடையே எழும் வினா நம்மைச் சிந்திக்க வைக்கிறது. "பிள்ளை என்ன கற்றுக்கொண்டான்?" என்று கேட்போர் சிலர், "அடுத்த பெல்ட் எப்போது?" என்று கேட்போரே பலர். இவ்விரு வினாக்களுக்கும் இடையே உள்ள தொலைவுதான் இக்கட்டுரையின் பொருளாகும்.

கலை வந்த வழி

டேக்வாண்டோ மிகப் பழமையான கலை என்று சொல்லப்படுவதுண்டு. கொரிய மண்ணில் காலால் ஆடும் பழைய ஆட்டங்கள் இருந்தன என்பது உண்மையே. ஆனால் இன்று நாம் காணும் வடிவம், 1945இல் கொரியா ஜப்பானியரின் ஆட்சியிலிருந்து விடுபட்ட பின்னர் உருப்பெற்றதாகும். ஜப்பானில் கராத்தே பயின்று திரும்பியோர் பலர் ஆங்காங்கே பயிற்சிக் கூடங்களை நிறுவினர். அவற்றில் வளர்ந்த முறைகளுக்கு 1955இல் 'டேக்வாண்டோ' என்னும் பெயர் சூட்டப்பட்டது. 'டே' என்பது காலையும், 'குவான்' என்பது கையையும், 'டோ' என்பது நெறியையும் குறிக்கும். 1972இல் சியோல் நகரில் 'குக்கிவோன்' என்னும் தலைமையகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு உலகக் கூட்டமைப்பு தோன்றியது. 1988, 1992 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இருந்து, 2000ஆம் ஆண்டு சிட்னியில் பதக்க விளையாட்டாக உயர்ந்தது.

விலையுயர்ந்த கருவிகளோ பரந்த மைதானமோ இக்கலைக்கு வேண்டுவதில்லை. ஒரு கூடமும் ஒரு நல்லாசிரியரும் போதும். அதனாலன்றோ, போரினால் நலிந்த ஆப்கானிஸ்தான் தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை 2008இல் ரொஹுல்லா நிக்பாய் வழியாக இவ்விளையாட்டில் பெற்றது! ஜோர்டான் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தையும், அதுவும் தங்கமாக, 2016இல் அகமது அபூகௌஷ் இவ்விளையாட்டிலேயே ஈட்டித் தந்தார். எளிய நாடுகளுக்கும் எளிய குடும்பங்களுக்கும் எட்டக்கூடிய கலை இது. எனவே இதனைக் கெடாமல் காப்பது நம் கடமையாகிறது.

பட்டையின் பொருள்

இடையில் கட்டும் பட்டையால் தகுதியைக் காட்டும் வழக்கம் கொரியாவில் பிறந்ததன்று. 1882இல் ஜப்பானில் ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ, அடுத்த ஆண்டே தம் மாணவர்க்கு 'டான்' என்னும் தகுதியை வழங்கத் தொடங்கினார். கானோ மல்லர் மட்டுமல்லர். ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரிக்குத் தலைமை தாங்கிய கல்வியாளரும் ஆவார். தகுதிநிலை என்னும் ஏற்பாடு ஒரு கல்வியாளரின் கையில் உருவானது என்பதை நாம் மறத்தலாகாது. தொடக்க நிலையினர்க்குப் பல வண்ணப் பட்டைகள் வழங்கும் முறை பின்னாளில் ஐரோப்பாவில் பரவியது. கராத்தே வழியாகக் கொரியர்களும் தகுதிநிலைகளை ஏற்றுக்கொண்டனர்.

'டான்' என்னும் சொல்லுக்குப் பொருள் 'படி' என்பதே. அதற்குக் கீழுள்ள நிலைகள் 'கியுப்' எனப்படும். அவை பெரும்பாலும் பத்தில் தொடங்கி ஒன்றை நோக்கி இறங்கி வரும். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என வண்ணங்கள் மாறும். வெண்மை ஏதுமறியாத் தொடக்கம். மஞ்சள் விதை வேரூன்றும் மண். பச்சை தளிர்க்கும் பயிர். நீலம் அப்பயிர் நோக்கி வளரும் வானம். சிவப்பு அபாயம், அதாவது கற்றவன் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும் என்னும் எச்சரிக்கை. இவ்வாறு விளக்கம் கூறுவர். உழவர் குடியில் பிறந்த எவர்க்கும் இவ்விளக்கம் எளிதில் புரியும். விதைத்த மறுநாளே கதிரை எதிர்பார்ப்பவர் உழவர் ஆகார்.

இங்கே பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. குக்கிவோன் விதிப்படி, 15 வயது நிறையாத சிறார்க்கு 'டான்' வழங்கப்படுவதில்லை. 'பூம்' என்னும் தகுதியே வழங்கப்படும். அவர்கள் அணிவது முழுக் கறுப்பன்று. பாதி சிவப்பும் பாதி கறுப்புமான பட்டையாகும். 15 வயது நிறைந்த பின்னரே பூம் டானாக மாற்றப்படும். இது சிறுவரை இழிவுபடுத்தும் ஏற்பாடன்று. கலையின் இயக்கங்களை அவர்கள் கற்றிருக்கலாம். அவற்றைத் தாங்கும் உடலும் மனமும் முதிரக் காலம் வேண்டும் என்பதே அதன் உட்பொருள். டான் பெற்ற பின்னரும் காத்திருத்தல் தொடரும். முதல் டானிலிருந்து இரண்டாவதற்கு ஓராண்டும், அதிலிருந்து மூன்றாவதற்கு ஈராண்டும், நான்காவதற்கு மூன்றாண்டும் குறைந்த அளவாக விதிக்கப்பட்டுள்ளன. படி உயர உயரக் காத்திருப்பும் நீள்கிறது.

இரு படிகளுக்கிடையே

ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் இடையே பிள்ளை கற்பது யாது? முதலாவது, நிற்கக் கற்றல். கால்களின் அகலம், முழங்காலின் மடிப்பு, இடுப்பின் திருப்பம் ஆகியவை சரியாக அமையாவிடின் உதையில் வலிமை பிறவாது. இரண்டாவது, 'பூம்சே' எனப்படும் கோவை முறை. வண்ணப் பட்டையினர்க்கு 'தேகுக்' என்னும் எட்டுக் கோவைகள் உள்ளன. வானம், ஏரி, நெருப்பு, இடி, காற்று, நீர், மலை, நிலம் என்னும் எட்டும் அவற்றின் கருப்பொருள்கள். இவற்றுள் வானம், நீர், நெருப்பு, நிலம் ஆகிய நான்கின் குறிகள் தென்கொரியக் கொடியிலும் இடம்பெற்றுள்ளன. ஐம்பூதங்களைப் பேசிவந்த நம் மரபினர்க்கு இக்கருத்து அயலானதன்று. மூன்றாவது, இணையருடன் மோதிப் பழகுதல். எதிரில் நிற்பவன் பகைவனல்லன், தன் கற்றலுக்குத் துணையாக நிற்பவன் என்பதைத் தலைதாழ்த்தி வணங்கும் வணக்கத்தால் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவர்.

ஆசிரியரும் அகவையறிந்து கற்பிக்க வேண்டும். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு ஓடுதல், குதித்தல், நிலைதடுமாறாது ஒற்றைக்காலில் நிற்றல் ஆகியவையே போதிய பாடங்கள். ஒன்பது, பத்து வயதில் கோவைகளை வரிசை பிறழாமல் நினைவிற்கொள்ளும் ஆற்றல் வளர்கிறது. மார்புக்கவசம், தலைக்கவசம், பற்காப்பு ஆகியன அணிந்து அளவோடு மோதும் பயிற்சி அதன் பின்னரே தகும். ஐந்தில் வளைவது ஐம்பதில் வளையாது என்பது உண்மை. எனினும், ஐந்தில் வளைகிறது என்பதற்காக எவ்வளவும் வளைக்கலாம் என்பதன்று. வளரும் எலும்பின் முனைகள் மென்மையானவை. காலை விரிக்கச் சொல்லித் தோளில் அழுத்தும் பயிற்சியும், எடைப்பிரிவுக்காகப் பிள்ளையைப் பட்டினியிடும் வழக்கமும் கண்டிக்கத்தக்கவை.

விலைக்கு வரும் தகுதி

இத்துணைச் சிறந்த ஏற்பாடு நம்மிடையே எவ்வாறு திரிந்துள்ளது என்பதைக் காண்போம். மூன்று மாதத்திற்கொரு முறை தேர்வு. கட்டணம் செலுத்திய அனைவர்க்கும் தேர்ச்சி. ஒரே நாளில் இரண்டு பட்டைகள். பள்ளி ஆண்டு விழாவில் கைதட்டலுக்கிடையே சான்றிதழ். பூம் என்னும் சொல்லையே கேட்டிராத எட்டு வயதுக் குழந்தையின் இடையில் முழுக் கறுப்புப் பட்டை! இத்தகைய நிகழ்ச்சிகளை நம்மில் கண்டிராதார் அரியர். சான்றிதழ் வழங்கும் அமைப்புகளும் பலவாகிவிட்டமையால், எது எங்கே செல்லுபடியாகும் என்பதைப் பெற்றோர் அறிய இயலவில்லை.

பயிற்சியாளரை மட்டும் குறைகூறுதல் அறமாகாது. பள்ளிகள் சில, இடத்தை மட்டும் தந்துவிட்டு ஊதியம் தருவதில்லை; மாணவர் செலுத்தும் மாதக் கட்டணத்திலும் பங்கு கொள்கின்றன. பெற்றோரோ மாதக் கட்டணத்திற்குப் பேரம் பேசுவர். பட்டைத் தேர்வுக்கென்றால் மனமுவந்து தருவர். ஆகவே, கற்பிப்பதால் வயிறு நிறையாத ஆசிரியர், தேர்வு நடத்திப் பிழைக்க வேண்டியவராகிறார். தேர்வே வாழ்வாதாரமாகிவிட்ட பின் எவரையும் 'தேறவில்லை' என்று சொல்லும் துணிவு அவர்க்கு எங்ஙனம் வரும்?

"கொரியாவிலேயே சிறுவர்கள் ஓராண்டில் பூம் பெறுகிறார்களே!" என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். ஆனால் அங்கே பள்ளி விட்டதும் வாரத்தில் ஐந்து நாளும் பயிற்சிக் கூடம் செல்வது சிறுவரிடையே பெருவழக்கு. நாளொன்றுக்கு ஒரு மணி எனக் கொண்டாலும் ஓராண்டில் 250 மணி நேரம் ஆகிறது. நம் பள்ளிகளில் வாரம் இருமுறை நடக்கும் வகுப்பு, விடுமுறைகளைக் கழித்தால், 80 மணி நேரத்தைத் தாண்டுவதே அரிது. அங்குள்ள ஓராண்டு இங்கே மூன்றாண்டாகும். மேலும், அங்கே பூம் என்பது அடிப்படையைக் கற்றதற்கான சான்று. அதனைப் பெற்ற சிறுவனை எவரும் வல்லுநன் என்று கொண்டாடுவதில்லை.

"தேறவில்லை என்றால் குழந்தையின் மனம் உடைந்துவிடாதா?" என்பது மற்றொரு வாதம். இக்கவலை பொருளற்றதன்று. தோல்வியைப் பலர்முன் அறிவித்துத் தலைகுனியச் செய்வது கொடுமையே. ஆயின், அதற்கு மாற்று அனைவரையும் தேர்ச்சி பெறச் செய்வதன்று. ஆயத்தமாகாத பிள்ளையைத் தேர்வுக்கு அழைக்காதிருப்பதும், எந்த அசைவு குறைந்தது என்று கனிவோடு காட்டிச் சில வாரங்களில் கட்டணமின்றி மறுவாய்ப்பு அளிப்பதுமே. தான் தகுதியின்றிப் பெற்றதைக் குழந்தை அறியாது என்று எண்ணுதல் பேதைமை. உடன் நிற்கும் தோழனின் உதையையும் தன் உதையையும் அது நாள்தோறும் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பொய்ப்பட்டையின் கேடு

இதனால் விளையும் கேடு பணவிரயம் மட்டுமானால் நாம் இத்துணை வருந்தோம். பெற்றோர் பலர், சிறப்பாகப் பெண்மக்களைப் பெற்றோர், பாதுகாப்பை எண்ணியே பிள்ளைகளை இப்பயிற்சிக்கு அனுப்புகின்றனர். தகுதியற்ற பட்டை அக்குழந்தைக்கும் அதன் பெற்றோர்க்கும் இல்லாத வலிமையை இருப்பதாகக் காட்டிவிடுகிறது. 25 கிலோ எடையுள்ள சிறுமி, எத்துணைத் திறமையாக உதைத்தாலும், வளர்ந்த ஆடவனை வீழ்த்திவிட இயலாது. பிடியை உதறுதல், உரக்கக் குரல் கொடுத்தல், ஓடி மக்கள் கூட்டத்தை அடைதல், நடந்ததை மறைக்காமல் பெரியவர்களிடம் கூறுதல் ஆகிய நான்கையும் கற்பிப்பதே அந்த வயதுக்குரிய தற்காப்பு. மெல்லிய பலகையை உடைத்த மகிழ்ச்சியில் இவற்றை மறந்துவிடுதல் ஆபத்தாகும்.

செய்யத்தக்கவை

பள்ளி நிருவாகங்கள் பயிற்சியாளர்க்கு முறையான ஊதியம் வழங்கட்டும். தேர்வுக் கட்டணத்தை நம்பி வாழும் நிலை அவர்க்கு வேண்டா. கற்பிப்பவரே தேர்வாளராகவும் இராமல், வெளியிலிருந்து ஒருவர் வந்து மதிப்பிடட்டும். மாதங்களை எண்ணாமல் வருகை மணிநேரத்தைப் பதிவேட்டில் குறித்து, அதனையும் தகுதியாகக் கொள்ளட்டும். சான்றிதழ் எந்த அமைப்பினுடையது, அதன் பயன் யாது என்பதைச் சேர்க்கையின்போதே பெற்றோர்க்கு எழுத்தில் தரட்டும். நம் சிலம்ப ஆசான்கள் வண்ணப் பட்டை ஏதுமின்றியே தலைமுறைகளை வளர்த்தனர். மாணவன் அடுத்த அடவுக்கு உரியவனா என்பதை ஆசானின் கண்ணே அளந்தது. பட்டை இருக்கட்டும்; அந்தக் கண்ணும் இருக்க வேண்டும் என்கிறோம்.

இறுதியாக, பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். பூம் டானாக மாறுவது 15ஆம் வயதில் என்றோம். நம் பிள்ளைகள் பயிற்சியை விட்டு நிற்பதும் ஏறத்தாழ அவ்வயதில்தான்! பத்தாம் வகுப்புத் தேர்வு என்று மகனை நிறுத்துகிறோம். வளர்ந்துவிட்டாள் என்று மகளை நிறுத்துகிறோம். உடல் முதிர்ந்து, கலை உண்மையில் தொடங்கும் வாயிலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் திரும்ப அழைத்துக்கொள்கிறோம். எட்டு வயதில் அவசரப்பட்டு வாங்கித் தந்த பட்டை பெட்டியில் மடிந்து கிடக்கிறது. மகளிர்க்கெனத் தனி நேரமும், பெண் பயிற்சியாளரும், உடலை மறைக்கும் தகுந்த உடையும் ஏற்பாடு செய்தல் இயலாத செயலன்று. தேர்வு ஆண்டில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குதலும் இயலாததன்று. எட்டு வயதில் காட்டும் ஆர்வத்தில் பாதியைப் பதினைந்தாம் வயதில் காட்டினாலே போதும். வண்ணங்கள் தாமே மாறும். அதுவரை நம் பிள்ளைகள் நிதானமாகப் படியேறட்டும்.