வாய்க்காலின் இரு கரைகள்

புதுச்சேரியின் பழைய நகரம் கால்நடையாகவே பார்த்து முடிக்கக்கூடிய அளவுடையது. முட்டை வடிவில் அமைந்த அந்நகரைச் சுற்றி ஓடும் அகலச் சாலையை ஊர்மக்கள் பிரெஞ்சுச் சொல்லாலேயே ‘புல்வார்’ என்கிறார்கள். நடுவே வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால் செல்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் வரை உள்ளது பிரெஞ்சுப் பகுதி. மேற்கே உள்ளது தமிழ்ப் பகுதி. பிரெஞ்சு ஆட்சியில் இவை வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று அழைக்கப்பட்டன. இரண்டு பகுதிகளின் தெருக்களும் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுகின்றன. பிரெஞ்சு வரலாறு, கலை, கட்டடக் கலை ஆகியவற்றைத் தமிழ் கேட்டபடியே பார்க்கத் தமிழர்க்கு அமைந்த ஊர் இது.

பெக்கான் நானாஸ் போன்ற மலேசியச் சிற்றூர்களிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகும் குழுப் பயணங்கள் பெரும்பாலும் கோயில் பயணங்களாகவே இருக்கின்றன. சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை என்று நீளும் பட்டியலில் புதுச்சேரிக்குக் கிடைப்பது அரை நாள். மணக்குள விநாயகரை வணங்கி, கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டு, பேருந்து ஏறிவிடுகிறார்கள். அந்த அரை நாளில் வாய்க்காலின் ஒரு கரை மட்டுமே கண்ணில் படுகிறது. புதுச்சேரியின் சிறப்போ இரு கரைகளும் ஒன்றுக்கொன்று கொடுத்துப் பெற்றதில் இருக்கிறது. நல்ல வழிகாட்டி அமைந்தால் ஒரே நாளில் இரண்டையும் வரிசைப்படி பார்த்துவிடலாம்.

வரிசையில் முதலில் வருவது வரலாறு. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664இல் தொடங்கப்பட்டது. அதன் ஆட்கள் 1673இல் புதுச்சேரியில் இடம் பெற்றனர். மறு ஆண்டு வந்த பிரான்சுவா மர்த்தேன் அந்த இடத்தை ஊராக வளர்த்தார். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைக் கைப்பற்றி ஆறு ஆண்டு வைத்திருந்தார்கள். இன்று பிரெஞ்சு நகரத்தின் அடையாளமாகப் பேசப்படும் கட்டம் கட்டமான தெரு அமைப்புக்கு அவர்கள் வரைந்த திட்டமே அடிப்படை. 1699இல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. இன்று பாரதி பூங்கா இருக்கும் பகுதியில் லூயி கோட்டை எழுந்து 1706இல் நிறைவு பெற்றது.

1742 முதல் 1754 வரை ஆளுநராக இருந்த துய்ப்ளேயின் காலத்தில் நகரம் உச்சத்தைத் தொட்டது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அவர்கள் கோட்டை, ஆளுநர் மாளிகை, தேவாலயங்கள் என எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள். 1763இல் கையெழுத்தான பாரிசு உடன்படிக்கை இடிபாட்டைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தது. 1765 முதல் பழைய தெருக்களின் மேலேயே நகரம் மறுபடி கட்டப்பட்டது. அதன் பிறகும் ஊர் பலமுறை கைமாறி, 1816இல்தான் நிலையாகப் பிரெஞ்சு வசம் வந்தது. ஆகவே இன்று பயணிகள் பார்க்கும் வெள்ளை நகரக் கட்டடங்களில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 19ஆம் நூற்றாண்டையும் சேர்ந்தவை.

பிரெஞ்சு ஆட்சியின் முடிவு வாக்கெடுப்பின் வழியே வந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய விரும்பினார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான முழு இணைப்பு 1962 ஆகஸ்டு 16 அன்று நடந்தது.

நடைப்பயணத்தைக் கடற்கரையில் தொடங்குவது நல்லது. கடலோரக் குபேர் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு இடமில்லை. அதிகாலையில் குழு தெரு நடுவிலேயே நின்று வழிகாட்டி சொல்வதைக் கேட்கலாம். 1836இல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப்போரில் பிரான்சுக்காக உயிர்விட்டவர்களுக்கு 1938இல் எழுப்பிய நினைவுச் சின்னம், மேரி என்று எல்லோரும் சொல்லும் நகராட்சி மாளிகை ஆகியவை அங்கு ஒரே வரிசையில் நிற்கின்றன. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களைக் கட்டாயம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிக் கோட்டையைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அங்கிருந்து கொண்டுவந்த தூண்கள் அவை. தமிழ்ச் சிற்பியின் உளி பட்ட கல், பிரெஞ்சு நகரத்தின் கடல் முகப்பில் நிற்கிறது.

அங்கிருந்து உள்ளே நுழைந்தால் துய்மா, சுஃப்ரேன், ரோமேன் ரோலான் என்று பெயர் பூண்ட தெருக்கள். இங்குள்ள வீடுகள் தெருவுக்கு முகம் காட்டுவதில்லை. உயர்ந்த மதில், அதன் நடுவே வளைவு வைத்த பெரிய வாயில், உள்ளே செடிகள் நிறைந்த முற்றம், அதற்கும் பின்னால் தூண் வரிசை கொண்ட வீடு என்பது இவற்றின் அமைப்பு. நெடிய சாளரங்களுக்கு மரச்சட்டங்களைச் சாய்வாகப் பதித்த கதவுகள் உண்டு. வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு அது. மஞ்சள் சுவரும் வெள்ளை விளிம்பும் இந்தத் தெருக்களின் நிறம்.

கூரையைப் பார்த்தால்தான் கட்டியவர் யாரென்று தெரியும். வழிகாட்டி ஏதாவது ஒரு பழைய வீட்டுக்குள் குழுவை நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்ல வேண்டும். நெருக்கமாகப் பரப்பிய தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்வாகக் குத்தவைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்த தளம். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற இந்த முறை தென்னாட்டுக் கொத்தனார்களின் கைவேலை. சாந்து இறுக, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பதும் அவர்கள் அறிந்த வித்தை. வரைபடம் பிரான்சிலிருந்து வந்திருக்கலாம். சுண்ணாம்பும் செங்கல்லும் மரமும் உழைப்பும் இந்த மண்ணுக்கு உரியவை.

தேவாலயங்கள் இந்தப் பயணத்தின் கலைப் பகுதி. கடலைப் பார்த்து நிற்கும் தூதர்களின் அன்னை ஆலயம் 1855இல் கட்டப்பட்டது. ரோமானியச் சாயலில் அமைந்த இளஞ்சிவப்புக் கட்டடம் அது. கப்புச்சின் துறவியரின் பெயரைத் தமிழ் நாக்கு சுருக்கியதால் ஊரில் அதற்குக் ‘கப்ஸ் கோயில்’ என்று பெயர். அங்கே தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பூசை நடக்கிறது. வாய்க்காலுக்கு மேற்கே உள்ள மறைமாவட்டப் பேராலயம், 1761இல் இடிபட்டு 1791இல் மீண்டும் எழுந்தது. புனித பவுலின் பெயர் மருவி அது ‘சம்பா கோயில்’ ஆயிற்று. தெற்குப் புல்வாரில் உள்ள திரு இருதய பசிலிக்கா 1907ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கூர்வளைவுகள் கொண்ட கோதிக் பாணியும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் அதன் சிறப்பு. காலை வெயில் அந்தக் கண்ணாடிகளைக் கடந்து தரையில் சிவப்பும் நீலமுமாக விழும் நேரத்தில் குழுவை அங்கே கொண்டு நிறுத்துவது நல்ல வழிகாட்டியின் திறமை.

சம்பா கோயிலருகே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே பக்கத்திலிருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748இல், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நாள்களில், துய்ப்ளே ஆட்சியில் இடிக்கப்பட்டது. இன்றைய கோயில் பின்னர் வேறிடத்தில் கட்டப்பட்டது. அழகிய கட்டடங்களை மட்டும் காட்டி அந்த இடிப்பைச் சொல்லாமல் விடும் பயணம் பாதி வரலாற்றையே தருகிறது.

அந்த நிகழ்வு இன்று விரிவாகத் தெரிவதற்குக் காரணம் ஒரு தமிழரின் நாட்குறிப்பு. துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் இறக்கும் வரை ஊர் நடப்பைத் தமிழில் எழுதி வைத்தார். கப்பல் வரவு, துணி விலை, அரண்மனைப் பேச்சு, போர்ச் செய்தி எல்லாம் அதில் உண்டு. பிரெஞ்சிந்திய வரலாற்றை எழுதும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஊர் விழுவதற்கு நான்கு நாள் முன்பு அவர் மறைந்தார். 1738 வாக்கில் கட்டி முடிந்த அவருடைய மாளிகை அங்காடிக்கு அருகில் அவர் பெயர் கொண்ட தெருவில் நிற்கிறது. 1761இன் அழிவுக்குத் தப்பிய மிகச் சில கட்டடங்களில் அதுவும் ஒன்று. கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்கள் நிற்கின்றன. மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணியில் சுண்ணாம்புத் தூண்கள் நிற்கின்றன. இரு கரைகளும் ஒரே வீட்டில் கூடியதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

இந்தக் கலப்பு பின்னர் ஒரு தனிப் பாணியாகவே வளர்ந்தது. வைசியாள் வீதியில் அதை வரிசையாகப் பார்க்கலாம். கீழே தமிழ் வீடு: தெருவோரம் மரக்கால்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதன் உள்ளே வந்தவர் அமரத் திண்ணை, செதுக்கிய வாசற்கதவு, உள்ளே வானம் பார்த்த முற்றம். மேலே பிரெஞ்சு மாடி: அரைவட்ட வளைவுச் சாளரம், சுவரோடு ஒட்டிய தூண்கள், குமிழ் வைத்த கைப்பிடிச் சுவர். வெள்ளை நகர வீடு தெருவுக்கு மதிலைக் காட்டுகிறது. தமிழ் வீடு தெருவுக்குத் திண்ணையைத் தருகிறது.

பெக்கான் நானாசிலிருந்து போகிறவர்களுக்கு அந்தத் தாழ்வாரம் புதிதாகத் தோன்றாது. மலேசியக் கடைவீதிகளில் கடைக்கு முன்னால் கூரையடியில் நடக்க விடும் ‘காக்கி லீமா’ என்ற ஐந்தடி நடைபாதையும் அதே வேலையைத்தான் செய்கிறது. 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் அது விதியாயிற்று. பிறகு மலாயாவின் நகரங்களுக்கும் பரவியது. வெயிலும் மழையும் மிகுந்த நாடுகளில் வழிப்போக்கனுக்கு நிழல் தருவது வீட்டுக்காரன் கடமை என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

சொற்களிலும் அப்படி ஓர் உறவு உண்டு. ஊர்ப்பெயரில் உள்ள ‘நானாஸ்’, மலாய் மொழியில் அன்னாசிப் பழம். தென்னமெரிக்கப் பழங்குடியினர் வழங்கிய பெயரைப் போர்ச்சுகீசியர் எடுத்துக்கொண்டு உலகெங்கும் பரப்பினார்கள். தமிழில் அது அன்னாசி ஆயிற்று, மலாயில் நானாஸ் ஆயிற்று, பிரெஞ்சில் ‘அனனாஸ்’ ஆயிற்று. புதுச்சேரி அங்காடியில் பிரெஞ்சு பேசும் முதியவர் பழக்கடையில் அனனாஸ் கேட்டால், பெக்கான் நானாஸ்காரருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

பயணத்தின் கடைசிப் பகுதி அறிவும் இலக்கியமும். ஆங்கில ஆட்சியின் கைக்கு எட்டாத பிரெஞ்சு எல்லையைத் தேடி 1908இல் பாரதியார் இங்கே வந்து பத்தாண்டு வாழ்ந்தார். 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீடும் பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடும் நினைவில்லங்களாக உள்ளன. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கோயில்களின் புகைப்படங்களையும் சைவ ஓலைச்சுவடிகளையும் திரட்டிக் காத்துவருகிறது. அந்தச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றன. தமிழர் பிரெஞ்சுக் கட்டடத்தைக் கட்டினார்கள். பிரெஞ்சு அறிஞர் தமிழர் ஏட்டைக் காத்தார்கள்.

இவ்வளவும் நிலைத்து நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 1870களின் தொடக்கத்தில் கட்டிய மேரி மாளிகை, பராமரிப்பின்றி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே மீண்டும் கட்டி 2021இல் திறந்தார்கள். இன்று கடற்கரையில் நிற்பது அந்த மறுபதிப்பு. திண்ணையை இடித்துக் கடை போட்ட தமிழ் வீடுகள் பல. நம்பிக்கை தரும் செயலும் உண்டு. பழைய கட்டடங்களைக் காக்க 1984 முதல் புதுச்சேரியில் இயங்கும் இன்டாக் அமைப்பு, வைசியாள் வீதி வீட்டு முகப்புகளை உரிமையாளர்களோடு சேர்ந்து சீரமைத்தது. அந்தப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

குழுவாகப் போகிறவர்கள் சிலவற்றை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். பேருந்து நிறையப் போனாலும், நடக்கும்போது பன்னிரண்டு பதினைந்து பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிவது நல்லது. அதைவிடக் கூடினால் குறுகிய தெருவில் வழிகாட்டியின் குரல் எட்டாது. காலை ஆறரைக்குக் கடற்கரையில் தொடங்கினால் வெயில் ஏறுமுன் வெள்ளை நகரம் முடிந்துவிடும். காலை உணவுக்குப் பின் தமிழ்ப் பகுதியின் தாழ்வார நிழலில் நடக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நடைக்கு ஏற்றவை. பழைய வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. கேட்காமல் உள்ளே நுழைவதும் படம் எடுப்பதும் தகாது.

பயண ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நடை வாய்க்காலைக் கடக்குமா? கடக்காது என்றால், கடக்கும்படி திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். புதுச்சேரிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.